மாமா கண்ணுக்கு நான் இளைத்துவிட்டேன்

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று, டாக்டர் என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூன்று வேளையும் கஞ்சி ஊற்றுகிறார். இன்று காலை எடை பார்த்தார்கள். இறங்கவே இல்லை.

"இப்படியே இருந்தா கத்தி வைக்க முடியாது. இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் என் மாமனாரின் தம்பி செல்லூரிலிருந்து பார்க்க வந்தார். வாசலிலேயே குரல் உடைந்துவிட்டது.

"என்ன மாப்ள, இம்புட்டு எளச்சுப் போயிட்டீக!"

என் ஆயுளில் யாரும் என்னைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை. "மாமா, இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் மாமா சொன்னார். "ஆளு பாதியாயிட்டாரு சார். ஆபரேஷனை முடிச்சு, சோத்தைக் கண்ணுல காட்டுங்க."

"தராசுக்கு அது தெரியலையே, பெரியவரே" என்றார் டாக்டர். அவரும் என் சைஸ்தான். கோட்டுக்குப் பொத்தான் போட்டு நான் பார்த்ததில்லை.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களுந்தான் சார் எளச்சுப் போயிட்டீக. வேளாவேளைக்குச் சாப்பிடுறீகளா?"

டாக்டர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. கஞ்சி மாறவில்லை. ஆனால் போகும்போது நர்ஸம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெரியவர் நாளைக்கும் வருவாராம்மா?"

என்னைப் பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியெல்லாம் வாங்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தையோடு வந்தால் போதும். யார் யார் வாரீக?