மிஸ்ஸியின் மோட்டாரைத் தள்ளியவர்கள்

பிள்ளை பிறக்கிற வேலை யாருக்காகவும் காத்திருக்காது. அதைப் பார்க்கப் போகிறவளின் மோட்டார் சைக்கிள் மட்டும் தனக்கு மனசு வந்தால்தான் நகரும். எழுபதுகளில் தொடங்கி எண்பதுகளின் நடுப்பகுதி வரை, ஈப்போவிலிருந்து தாப்பா போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் தாதியாக இருந்தேன். தாதி என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். மிஸ்ஸி என்பார்கள். தோட்டத்துப் பிரிவுகளான மூன்று டிவிசன்களுக்கும் நான் ஒருத்திதான். பாதை முழுக்கச் செம்மண். போக வர நிர்வாகம் ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்திருந்தது.

ஓட்டை மோட்டாரோடு குடும்பம் நடத்தி, வாழ்க்கையில் பாதியை நடுரோட்டில் கழித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்கள் பொறுத்துக்கொண்டு படிக்கட்டும்.

கிராணியார் கழித்துப் போட்டது

முதலில் வந்தது நீல நிறத்து மோட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் சில வருஷங்கள் ஓட்டிவிட்டு, இனி இதில் ஏற மாட்டேன் என்று கழித்துப் போட்டதை எனக்குத் துடைத்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். வெள்ளைச் சீருடைக்குள் ஆம்பிளைகள் மாட்டுகிற சிலுவார் போட்டுக்கொண்டு பாடாங் திடலில் ஓட்டிப் பழகினேன். ரப்பர் பால் வாளிகளைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களெல்லாம் வரிசையாக நின்று பார்த்தார்கள். நான் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. கிக்கரை மிதித்தால் அது திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. மூன்றாம் நாள் காயம் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் டிரசர் தங்கவேலு. நல்ல மனுஷர், ஆனால் மேனேஜரிடம் எதையும் கேட்பதற்குப் பயப்படுவார். வேறு மோட்டார் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள் ஐயா என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல் காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"மிஸ்ஸி, கிராணியாருக்கும் நான் இதே எடத்துலதான் கட்டுப் போட்டேன்."

நாங்களே முடிச்சிட்டோம்

செயின் கழன்று விழுவது அதற்கு ஒரு பழக்கம். கழன்று விழ அது தேர்ந்தெடுக்கும் இடமும் எப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத ரப்பர் காடாகத்தான் இருக்கும். ஆத்தோர டிவிசனில் புஷ்பம் என்பவளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஒருநாள் காலையில் ஆள் வந்தது. போகிற வழியில் அடுத்தடுத்துக் கழன்றுகொண்டே இருந்த செயினை மாட்டி மாட்டி, வீட்டு வாசலில் இறங்கும்போது என் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பாக இருந்தது.

பிள்ளைப் பேற்றுக்கு அந்தக் கையோடு யாரும் உள்ளே போக முடியாது. வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, சவுக்காரம் போட்டு, நகத்துக்குள் குச்சியை விட்டுத் தோண்டி, மறுபடி சவுக்காரம் போட்டுக் கழுவினேன். கறுப்பு போவதாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபம்தான். உள்ளே முனகல் கூடிக்கொண்டே போய், திடீரென்று பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் புஷ்பத்தின் குரலும் கேட்டது.

"நீங்க கைய கழுவிட்டு மெதுவாவே வாங்க மிஸ்ஸி, நாங்களே முடிச்சிட்டோம்."

அப்பன் வேலை

நீல மோட்டாருக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருதடவை சூடு ஆறிவிட்டால் கிக்கருக்கு அசையாது. ரெண்டாவது கியரில் போட்டு, பின்னாலிருந்து யாராவது தள்ளி, வேகம் எடுத்ததும் கிளட்சை விட வேண்டும். அப்போதுதான் இருமிக்கொண்டு உயிர் வரும். பிரசவ வீட்டு வாசலில் அரை நாள் நின்ற மோட்டாரில் சூடு எங்கே இருக்கப் போகிறது? ஆகையால் ஒவ்வொரு பிரசவம் முடிந்ததும் தள்ளுவதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிரசவ வீட்டில் வேலையில்லாத ஒரே ஆள் புருஷன்தான். உள்ளேயும் வரக்கூடாது, வெளியே போகவும் மனசு வராது. வாசலில் நின்று சிகரெட்டைப் பற்ற வைப்பதும் அணைப்பதுமாக இருப்பான். அவனைத்தான் கூப்பிடுவேன். பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் பால் ஸ்டோர் வரைக்கும்கூடத் தள்ளத் தயாராக இருப்பான். நாளாக நாளாக இது தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மிஸ்ஸி மோட்டாரைத் தள்ளுவது அப்பன் வேலை, வேறு யாரும் கை வைக்கக்கூடாது. ஒரே தள்ளில் கிளம்பினால் பிள்ளை ராசியான பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். அந்த மோட்டார் எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒரே தள்ளில் கிளம்பியதில்லை.

மேட்டு டிவிசனில் முனியாண்டி என்று பால் வெட்டுகிற ஒருவன் இருந்தான். வாட்டசாட்டமான ஆள். அவன் மனைவி லெட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள் குறைமாதத்திலேயே தவறிப்போயிருந்தன. இரண்டாவது தவறியபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவன் பக்கத்து வீட்டுக்காரன் காளியப்பன், எலும்பும் தோலுமான மனுஷன். காளியப்பனுக்கு மகன் பிறந்த அன்று அவனால் மோட்டாரை நகர்த்தக்கூட முடியவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த முனியாண்டியிடம், கொஞ்சம் கை கொடுங்களேன் என்று கேட்டுவிட்டேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் மொறை வரட்டும் மிஸ்ஸி, அப்ப வந்து தள்ளுறேன்."

தவுக்கேயின் தீர்ப்பு

நீல மோட்டார் ஒருநாள் நடுப்பாலத்தில் மொத்தமாக நின்றுபோனது. அந்தச் சமயம் தோட்டமும் கை மாறியிருந்தது. புது நிர்வாகம் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட ஆரம்பித்திருந்தது. எனக்குக் காவல்காரர் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்பு மோட்டாரைக் கொடுத்தார்கள். நீலத்தை வாய்விட்டுத் திட்டியதற்கெல்லாம் நான் வருந்தும்படி செய்தது இந்தச் சிவப்பு. பிரேக்கை அழுத்தினால் சத்தம் மட்டும்தான் வரும். தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதில் மாற்றமில்லை. போதாததற்கு மழை பெய்தால் எங்கேயோ தண்ணீர் இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். எங்கள் பேராக் மாநிலத்தில் மழைக்கு என்ன பஞ்சம்?

லெட்சுமி அப்போது மூன்றாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம் தாண்டியது, ஏழும் தாண்டியது. லயமே நாளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி பக்கம் என்று முனியாண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் என்னிடம் இருப்பது இந்த மோட்டார்தானே. அந்தப் பயத்தில் அதைப் பட்டணத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே எங்கள் ஆட்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். செத்துப்போச்சு என்பதை மட்டும் மலாயில்தான் சொல்வார். எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மிஸ்ஸி, இது சூடா மாத்தி லா. நீங்க ஆளுங்கள பொறக்க வைக்கிறீங்க, இத நான் எப்டி திரும்ப பொறக்க வைக்கறது?"

மேட்டு டிவிசன்

ஒன்பதாம் மாதம் பிறக்கவில்லை. விடியற்காலையிலிருந்தே மழை. மரம் ஈரமாக இருந்ததால் அன்று பால் வெட்டு இல்லை, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காளியப்பன் நனைந்தபடி சைக்கிளில் வந்து நின்றான். லெட்சுமிக்கு வலி. ஆஸ்பத்திரி வேனில் டிரசர் இன்னொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போயிருந்தார். பையை எடுத்துக்கொண்டு சிவப்பு மோட்டாரில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வேலையாள் தள்ளினார், காளியப்பனும் சேர்ந்து தள்ளினான். கொட்டகையைச் சுற்றிச் சுற்றித் தள்ளிய பிறகு கிளம்பியது.

மேடு ஏறும் இடத்தில் நின்றுவிட்டது. அந்தச் சேற்றில் சைக்கிளும் ஏறாது. பின்னால் சைக்கிளில் வந்த காளியப்பன் கையில் மோட்டாரை விட்டுவிட்டுப் பையோடு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், பாதி தூரம் கையை ஊன்றித்தான் ஏறினேன். நான் உள்ளே நுழைந்தபோது பிள்ளை வந்துகொண்டிருந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எடுத்து, முதுகைத் தேய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். பெண் பிள்ளை, தலை நிறைய முடி. அது அழவில்லை. லெட்சுமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது தெரிவதைவிடக் கொடுமை.

லெட்சுமியைச் சுத்தம் செய்து, ரத்தம் நின்றதைப் பார்த்து, வேனை அனுப்பச் சொல்லி ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். அதற்குள் ஆத்தோர டிவிசனிலிருந்து வேறொரு ஆள் வந்துவிட்டது. அங்கே ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டதாம். லெட்சுமி பக்கத்தில் காளியப்பன் மனைவியை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். காளியப்பன் எப்படியோ மோட்டாரை மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். வரும்போது பாதி வழி தள்ளிக்கொண்டு வந்த காளியப்பன்கூட இப்போது விலகி நின்றான். பிரசவ வீட்டு வாசலில் நிற்கிற மோட்டாரைத் தொட யாருக்கும் கை வரவில்லை. யாரையும் கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. நானே ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளப் பார்த்துச் சேற்றில் வழுக்கி முட்டி போட்டேன்.

முனியாண்டி உள்ளேயிருந்து வந்தான். முகம் கழுவியிருந்தான். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்னால் போய்க் கரியரைப் பிடித்தான். வேண்டாம் முனியாண்டி என்றேன். ஏறுங்க என்று தலையை மட்டும் ஆட்டினான். ஏறி உட்கார்ந்தேன். ஒரே தள்ளு. கிளட்சை விட்டதும் மோட்டார் பிடித்துக்கொண்டது. நின்று அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். அவன் கரியரை விடாமல் கூடவே ஓடி வந்தான்.

"நிக்காதீங்க மிஸ்ஸி, அந்த வீட்டுக்காவது நேரத்தோட போய்ச் சேருங்க."

புது மோட்டார்

ஆத்தோர டிவிசன் பிள்ளை பிழைத்துக்கொண்டது. நேரத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டிரசர் தங்கவேலு மேனேஜர் ஆபீசுக்குப் போய், இவ்வளவு காலமும் வராத கோபமெல்லாம் ஒன்றாக வந்து, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். கொஞ்ச நாளில் பெட்டி பிரித்த வாசனையோடு புது மோட்டார் வந்தது. கிக்கரைத் தொட்டால் போதும், மழையிலும் கிளம்பும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முனியாண்டி வீட்டைத் தாண்டும்போது சத்தம் கேட்காதபடி இறங்கி உருட்டிக்கொண்டு போவேன். அடுத்த வருஷம் மேட்டு டிவிசனில் மரங்களைச் சாய்த்தபோது அவனும் லெட்சுமியும் ஈப்போவுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அப்புறமும் பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் போவதற்கு முன்னால் காளியப்பனுக்கு ஒரு மகள் பிறந்தாள். வேலை முடிந்து, பசியாறிவிட்டு வெளியே வந்தேன். அவன் வழக்கம்போல மோட்டாருக்குப் பின்னால் போய்க் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான். நான் லேசாக மிதித்ததும் கிளம்பிவிட்டது. அவன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். பக்கத்து வீட்டு வாசலில் முனியாண்டி உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்திருப்பான் போல, குரலை இறக்கிக் கேட்டான்.

"தானா கிளம்பிருச்சே மிஸ்ஸி, அப்ப நான் என்னா செய்யறது?"

நீங்கள் ஓட்டியதிலேயே மோசமான மோட்டார் எது என்று யாராவது என்னைக் கேட்டால், காலைப் புண்ணாக்கியதையும் நடுக்காட்டில் நிறுத்தியதையும் எல்லாம் மன்னித்துவிட்டு, அன்று முனியாண்டிக்கு ஒரே தள்ளில் கிளம்பிய அந்தச் சிவப்பைத்தான் சொல்வேன்.