உடைப்பு புதியது

செவ்வாய் மதியம் சன்னிவேல் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நியூ ஜெர்சியிலிருந்து கலைச்செல்வியின் கணவர் ரவி போன் செய்தார். "கலை போயிட்டாப்பா. காலையில, ஹாஸ்பிடல்ல."

கலைச்செல்வியும் நானும் முன்பு அங்கே ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் வேலை பார்த்தோம். கலை உடைந்த பானைகளை ஒட்டுவார். அவர் எழுதும் ரிப்போர்ட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பாதிப் பானைகள் பாக்ட்ரியாவுடையவை. இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன் கிரேக்க மன்னர்கள் ஆண்ட அந்த நாடு, பல வருடம் போர் கண்ட இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தான்.

பானை ஓவியத்தில் சில்லு காணாமல்போன இடத்தைக் கலை வெறும் மண்நிறத்தால் நிரப்பிவிடுவார். முதலாளிக்கு அது பிடிக்காது. "இல்லாத இலைய நான் எதுக்கு வரையணும்? அது ஃபோர்ஜரி குமார்," என்று சிரிப்பார்.

ஒருநாள் சிவப்புக் குடுவை ஒன்று வந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பில் திராட்சைக்கொடி. முப்பது வருடம் ஐரோப்பாவில் ஒரு வீட்டில் இருந்ததாக அதனுடன் வந்த காகிதம் சொன்னது. கலை என்னைக் கூப்பிட்டார்.

"ஓரத்தைப் பாரு. பிஸ்கட்ட உடைச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. முப்பது வருஷம் அலமாரில இருந்தா தூசியாவது படியாதா? மண்வெட்டி பட்டிருக்கு. இப்பதான் தோண்டித் திருடியிருக்காங்க."

'உடைப்பு புதியது' என்று எழுதினார். மாற்றச் சொன்ன முதலாளி, எங்கள் இருவருக்கும் தான் போட்டிருந்த கிரீன் கார்டு விண்ணப்பத்தை நினைவூட்டினார். கலை மாற்றவில்லை. நான் மாற்றினேன். 'பழையது' என்று டைப் செய்தேன். குடுவை ஒரு மியூசியத்துக்குப் போனது.

கலையை வேலையைவிட்டு நீக்கினார்கள். பார்க்கிங்கில் கேட்டார்: "எப்படி மனசு வந்துச்சு?"

"குழந்தை இருக்குங்க."

"எனக்கு ரெண்டு இருக்கு." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலையோடு கிரீன் கார்டு விண்ணப்பமும் குடும்பத்தின் இன்சூரன்ஸும் போயின. கான்ட்ராக்ட் வேலையில் இருந்த ரவிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கலை தன் வயிற்று வலியைப் பத்து மாதம் டாக்டரிடம் காட்டாமல் தள்ளிப்போட்டார். "இன்சூரன்ஸ் கார்டு வரட்டும், காட்டிக்கலாம்," என்பாராம். ரவிக்கு நிரந்தர வேலை கிடைத்து அது வந்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது.

கலையின் அஞ்சலிக்கு நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் கூடப்போகும் நண்பர்களே, விதி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் எங்கள் முதலாளி இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

கலை கையால் எழுதிய அந்த ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. நேற்று அதன் நகலை என் பெயர் போட்டு அந்த மியூசியத்துக்கு அனுப்பினேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு இந்தத் தைரியம். கலைக்கு அந்தத் தைரியம் கார்டு வராமலே இருந்தது.