பாலை மட்டும் சந்தேகித்தேன்

சீம்பால் சாப்பிட்ட மறுநாள் காலையில்தான் முதலில் ரத்தத்தைப் பார்த்தேன்.

எங்கள் பசு கன்று போட்டிருந்தது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டில், வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பாலை மருமகள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டேன். வயிறு வழக்கம்போல உப்பிக் கடுத்தது. பிறகு மலத்தோடு சிவப்பாகக் கொஞ்சம்.

பால்தான் என்று அப்போதே முடிவு கட்டினேன். அத்தையிடம் (என் கணவரின் அம்மா) வயிறு உப்புவதை மட்டும் சொன்னேன்.

"வெளிய சொல்லிப்போடாத கண்ணு. பால் ஊத்தற ஊட்டு மருமகளுக்கே பால் ஆகாதுன்னா, சொசைட்டியில நம்ம கேனை மோந்து பாப்பாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் யாருக்கும் தெரியாமல் பாலை நிறுத்தினேன். என் காப்பி கழுநீர்த் தொட்டிக்குப் போனது. உப்புசம் போய்விட்டது. ரத்தம் போகவில்லை. குடித்த பாலின் புண் இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். அவருக்கும் பால் ஆகாது. இது நினைவுக்கு வந்த பிறகு கைப்பேசியை விடவில்லை. பால் செரிக்காத மரபணுவுக்கும் அந்தப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்றது ஒரு பக்கம். இல்லை என்றது இன்னொன்று. இரண்டையும் நம்பவில்லை. மகள் பாலைக் குடித்தாலும் தள்ளி வைத்தாலும், அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன்.

கடைசியில் கணவரிடம் சொன்னேன். "ஏனுங்க, பால் நிறுத்தியும் ரத்தம் வருதுங்க." அவர் அன்றே பாலக்காட்டுக்கு அழைத்துப் போனார்.

மருத்துவர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். லாக்டேஸ் (பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி) வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும், அது மரபணுவில் இருக்கிறது என்றார்.

"அதனாலதான் அப்பாவுக்குப் புற்று வந்ததா?"

"அப்படி உறுதியாச் சொல்ல ஆதாரம் இல்ல. பால் ஒத்துக்கலன்னா வயிறு உப்பும், பேதியாகும். ரத்தம் வராது, கேட்டோ? பாலைச் சந்தேகப்பட்டது சரி. பாலை மட்டும் சந்தேகப்பட்டதுதான் தப்பு. எனக்கு உங்க அப்பாவோட நோய்தான் முக்கியம்."

கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். ஒரு பாலிப் (குடல் சுவரில் வளரும் சதை மொட்டு) இருந்தது. எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். முடிவைப் படித்ததும், பெயர் என்னுடையதுதானா என்று மறுபடி பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது குடல் புற்று இருந்திருந்தால், ரத்தத்துக்கு நீங்களே காரணம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது வீட்டுக்குப் பால் வாங்க வருகிறவர்கள் எதிரிலேயே அத்தை எனக்கு வரக்காப்பி நீட்டுகிறார். "இவளுக்குப் பாலு ஆகாதுங்க. பாலு நல்ல பாலுதானுங்க, வகுறுதான் அப்படி."

ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் வயிறு முன்போலச் சும்மா இருக்கும் இடமாக இல்லை. உள்ளே ஏதோ மெதுவாக வளர நேரம் பார்த்திருப்பதாகத் தோன்றும். மருத்துவர் சொன்ன அடுத்த பரிசோதனைவரை உள்ள நாட்களைத்தான் என் காலம் என்று எண்ணிக்கொள்கிறேன்.

இன்று காலை மகள் பாலைக் குடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சற்று நேரம் பார்த்தாள். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:

"இன்னிக்குக் கேக்கலியாம்மா?"