ஷிப்ட்டு சாமி

என் தம்பி சாமியாராகப் போய் ஏழு வருஷம் ஆகிறது. வடலூருக்கும் நெய்வேலிக்கும் நடுவில் ஒரு முந்திரித் தோப்பில் குடிசை போட்டிருக்கிறான். தோப்புக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. தினம் ஒரு முறை வடலூருக்கு நடந்து போய், அங்கே எல்லோருக்கும் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவான். மற்றபடி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். பேச்சு அதிகம் கிடையாது.

எனக்கும் பேச்சு அதிகம் கிடையாது. என்னை யாரும் சாமி என்று சொன்னதில்லை.

அவன் மேல் எனக்கு இருந்த பொறாமையைத்தான் எழுதுகிறேன். இருந்த என்று எழுதிவிட்டேன். இருக்கிற என்று படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கம்மாபுரம் பக்கம் ஒன்றரைக் காணி இருந்தது. அது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்குப் பதிலாக ஒரு வேலை வந்தது. வீட்டில் இரண்டு பேர். நான் அஞ்சாவது வரை படித்தவன். அவன் பத்தாவது பாஸ்.

அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "படிச்சவன் போவட்டும்டா. நீ இன்னா சொல்ற?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பர்மனென்ட் என்றால் இந்த ஊரில் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. குவார்ட்டர்ஸ் உண்டு. ஆஸ்பத்திரி உண்டு. தேடி வந்து பெண் கொடுப்பார்கள். கான்ட்ராக்ட் என்றால் அதே கேட், அதே புழுதி, வேறு கலர் கார்டு. தம்பி பர்மனென்ட். கொஞ்ச காலம் கழித்து நானும் உள்ளே போனேன், கான்ட்ராக்டில்.

கரி ஓடுகிற பெல்ட் இருக்கிறதே, அதன் தலைமாட்டில் ஒரு கேபின் இருக்கும். அதில் தம்பி உட்கார்ந்திருப்பான். பெல்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு என்றால் நிறுத்த வேண்டும். கீழே நான். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியையும் சேற்றையும் வாரித் திரும்ப மேலே போடுகிற வேலை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்குள் அவன் தெரிவான். எட்டு மணி நேரம் தனியாக, பேச ஆளில்லாமல். அப்போதே அவன் பாதி சாமியார்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் பெண்டாட்டி நோயில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. ஒரு வருஷம் சும்மா இருந்தான். பிறகு ஒரு நாள் வந்து சொன்னான்.

"அண்ணா, வேலைய எழுதிக் குடுத்துட்டேன்."

"எந்த வேலைய?"

"என் வேலையத்தான்."

நான் வாயைத் திறந்திருந்தால் அடித்திருப்பேன். ஒன்றரைக் காணி குழியாகப் போனது. அந்தக் குழிக்குக் கிடைத்த வேலையை அவன் தோளில் கிடந்த துண்டு மாதிரி உதறிவிட்டு வந்திருக்கிறான். அவன் உதறினது எனக்கு வரவும் வழியில்லை.

ஊர் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டது. பர்மனென்ட்டை விட்டவர் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ரிட்டையர் ஆனவர்கள் வந்து கும்பிட்டார்கள். விடுவதற்குக் கையில் ஒன்று இருக்க வேண்டும். நான் என் வேலையை விட்டால் பெரிய மனசு என்றா சொல்வார்கள்? நாளைக்கு வேறு ஆள் வருவான். சூப்பர்வைசருக்கு என் முகம்கூட ஞாபகம் இருக்காது.

அம்மா செத்தபோது அவன் வந்தான். கொள்ளி வைத்தவன் நான். மூன்று வருஷம் பீ மூத்திரம் அள்ளியது நானும் என் சம்சாரமும். அவன் பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கண்ணை மூடி நின்றான். இழவுக்கு வந்தவர்கள் என் கையைத் தொட்டுவிட்டு நேரே அவனிடம் போய்க் காலில் விழுந்தார்கள்.

என் சம்சாரமும் அப்படித்தான். முன்பு தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பிறகு சாமி என்று ஆனது. அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி இறங்கும். என்னிடம் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. என்ன செய்தாலும் அவனுக்கு ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுப்பாள்.

"சாமி கண்ண மூடிக்கினு இருந்தா எழுப்பாதீங்க. வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வருவேன். அப்படிப் போய்ப் போய்த்தான் அது எனக்குத் தெரிந்தது.

அவன் உட்காருகிற நேரம் வாரா வாரம் மாறும். ஒரு வாரம் விடிகாலையில் உட்கார்ந்து மத்தியானம் எழுவான். அடுத்த வாரம் மத்தியானம் உட்கார்ந்து ராத்திரிவரை இருப்பான். அதற்கடுத்த வாரம் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டுப் பகலில் தூங்குவான். வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். "இந்த வாரம் சாமிக்கு எந்த நேரம் உத்தரவாயிருக்கு?" என்று தோப்பு வாசலில் கேட்டுக்கொள்வார்கள்.

நான் முதல் ஷிப்ட் முடிந்து டப்பாவோடு போகிற வாரங்களில் எல்லாம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ரெண்டாவது ஷிப்ட் போகிற வாரம் அவன் விடிகாலையில் உட்கார்ந்தான். ஆறு மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்கு எழுந்தான். புதன்கிழமை உட்கார மாட்டான். துணி துவைப்பான், குடிசையைப் பெருக்குவான், நகம் வெட்டுவான். வேலையில் இருந்தபோது புதன்கிழமைதான் அவனுக்கு வார லீவு.

அவன் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையை எழுதிக் கொடுத்து இத்தனை வருஷம் கழித்து, முந்திரி மரத்தடியில், அவனுடைய பழைய ஷிப்ட் கேங்க்கின் கணக்கு ஒரு வாரம்கூடத் தப்பாமல்.

தெரிந்த அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. சட்டைப் பையில் எதையோ வைத்திருக்கிற மாதிரி இரண்டு வருஷம் அதை வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன தை கழிந்து ஒரு நாள், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம். என்னோடு கரி வாருகிறவன், குள்ளஞ்சாவடிக்காரன், வாய் ஓயாதவன். முந்தின நாள்தான் குடும்பத்தோடு போய் என் தம்பியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"இன்னா முகம்யா அது. பக்கத்துல உக்காந்தாலே மனசு அடங்கிப் போவுது. நீயும் அதே வயித்துலதான பொறந்த? உன் பக்கத்துல உக்காந்தா கரி நாத்தம்தான் வருது."

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

"அவன் ஷிப்ட் பாக்குறான்" என்றேன்.

"இன்னாது?"

"புதன்கிழமை லீவு. இந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட். போய்ப் பாரு."

அவன் விரலை மடக்கி எண்ணினான். டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அட ஆமாய்யா" என்றான்.

ஒரு வருஷத்தில் நான் பேசுகிற பேச்சு ஒரு கைக்குள் அடங்கும். அதில் இது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. பத்து நாளில் டவுன்ஷிப் முழுக்க ஷிப்ட்டு சாமி என்று பேர் விழுந்துவிட்டது. தம்பியின் பழைய கேங்க் ஆட்கள் ஷிப்ட் முடிந்து கூட்டமாகப் போயிருக்கிறார்கள். "சாமி, பஞ்ச் பண்ணியாச்சா? ஓ.டி. உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அதற்கும் கண்ணைத் திறக்கவில்லையாம். அப்புறம் ஒருத்தன் அவனுடைய பழைய கேங்க்கின் ட்யூட்டி சார்ட்டையே கொண்டுபோய் அவன் முன்னால் விரித்திருக்கிறான். அப்போது திறந்தானாம்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சாமியாரான பிறகு, அம்மா சாவுக்குத் தவிர அவன் வந்ததில்லை. எனக்கு அந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட், வீட்டில் இருந்தேன். சம்சாரம் பாயை எடுக்க ஓடினாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ சொன்னியா அண்ணா?"

"சொன்னேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"எனக்குத் தெரியாதுண்ணா" என்றான்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. தெரிந்தே செய்கிறான், வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"உள்ளேருந்து ஒண்ணு எழுப்புது, உக்காரச் சொல்லுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வாரா வாரம் நேரத்த மாத்துது, அதுக்கு ஏதோ காரணம் இருக்குன்னு நெனச்சேன். ட்யூட்டி சார்ட்டுதான் எழுப்பிக்கினு இருந்திருக்குது."

சம்சாரம் சமையல் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

"வந்துடலாமான்னு பாக்குறேன். எங்கியாவது வாட்ச்மேன் வேலை கெடைக்கும். அங்க உக்காந்துக்கினு இருக்கறதுல ஏதாவது இருக்குதா அண்ணா? நீ சொல்லு. நீ சொன்னா கேட்டுக்கறேன். மத்தவங்கல்லாம் கால்ல உழறாங்க. நீ ஒருத்தன்தான் என்னய டா போட்டுப் பேசுற."

ஏழு வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அதில் ஒன்றும் இல்லை, வீணாக உட்கார்ந்திருந்தேன் என்று அவன் வாயால் வர வேண்டும். வந்துவிட்டது. நான் "ஆமாம்டா" என்றால் போதும். அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு வந்திருப்பான்.

சொல்ல வாய் வரவில்லை. இரக்கம் என்று நினைக்காதீர்கள். நிலம் குழியாகப் போனது. குழி ஒரு வேலையைக் கொடுத்தது. அந்த வேலை ஒரு குடிசையாகப் போனது. குடிசையிலும் ஒன்றுமில்லை என்றால், அப்பா கேட்டபோது நான் எதற்குத் தலையாட்டினேன்? என்னுடையது அவ்வளவும் அங்கேதான் போய்க் கிடக்கிறது. அது ஏதாவதாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நான் பொறாமைப்படக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"கேபின்ல இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"பெல்ட்டப் பாத்துக்கினு இருந்தேன்."

"எத்தன நாளு கோளாறு வந்துது?"

"எப்பவாவது."

"மத்த நாளு?"

"சும்மா உக்காந்துதான் இருந்தேன்."

"எவன் எழுப்பி உட்டு ட்யூட்டிக்குப் போனன்னு எவனாவது கேட்டானா? அலாரமோ, பொண்டாட்டியோ. போனியா, உக்காந்தியா, அதான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வாரம் உனக்கு முதல் ஷிப்ட். மணி பதினொண்ணு. ஷிப்ட்ல பாதிய உட்டுட்டு வந்திருக்கிற. சீட்டுல எவன் இருக்கான்?"

"யாரும் இல்ல."

"அப்பப் போடா. ரெண்டு மணி வரைக்கும் உன் ட்யூட்டிதான்."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். பிறகு எழுந்து நடந்தான். சம்சாரம் பின்னாலேயே போய் மோர் கொடுத்தாள். திரும்பி வந்து, "நல்ல வார்த்தையாச் சொன்னீங்க" என்றாள். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. நான் எதற்குச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவளுக்குத் தெரியும்.

அவன் இன்னும் ஷிப்டில்தான் உட்காருகிறான். நேரத்தை மாற்றிப் பார்த்தேன், உடம்பு கேட்கவில்லை என்றான். பேர் நிலைத்துவிட்டது. கேலி மட்டும் போய்விட்டது. பழைய ஆட்கள் இப்போது ஷிப்ட் பார்த்துத்தான் போகிறார்கள். அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அவனைக் கெடுக்க நினைத்து நான் சொன்னது அவனுக்கு ஆகிவந்துவிட்டது.

போன மாசம் ஒரு புதன்கிழமை காலையில் டப்பாவோடு போனேன். அவன் கை பம்பில் துணி அலசிக்கொண்டிருந்தான். குடிசைக்குள் அவன் உட்காருகிற சாக்கு காலியாகக் கிடந்தது. சுரங்கத்தில் ஆள் இல்லாமல் சீட்டைக் காலியாக விடக்கூடாது. மாற்று ஆள் வந்த பிறகுதான் எழ வேண்டும். அது ஞாபகம் வந்தது. போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

முந்திரி இலை விழுகிற சத்தம் கேட்டது. ரோட்டில் பஸ் போனது. என் முட்டி வலித்தது. மத்தியானம் ட்யூட்டிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தேன். மழைக்கு முன்னால் ஓட்டு வீட்டில் ஒழுகுகிற இடத்தை நினைத்தேன். வேறு ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் இருந்திருப்பேன்.

கண்ணைத் திறந்தபோது அவன் ஈரத் துணியோடு வாசலில் நின்றான்.

"உக்காந்தியாண்ணா?"

"ம்."

"எப்பிடி இருந்துது?"

"கால் வலிச்சுது."

"எனக்கும்தான்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். துணியைக் கயிற்றில் போடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான். அதே கால் வலியோடு அவனால் அப்படிச் சிரிக்க முடிகிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ட்யூட்டிக்குக் கிளம்பினேன்.