முழங்கால் மெத்தை

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது நான் தொடங்கிய தையல் அது. கோவிலில் அப்பமும் திராட்சை ரசமுமாக நற்கருணை வாங்குகிறவர்கள் முழங்காலிடும் நீள மெத்தைக்கு ஒரு மேலுறை. துளைத்துளையான கித்தானில் கம்பளி நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தி நிரப்ப வேண்டும். விடுதியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் ரோஜாப் பூக்களை வரைந்து தந்து, மிச்ச இடமெல்லாம் கறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். பூக்களைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். கறுப்புதான் என் உயிரை எடுத்தது.

ஒரே நிறத்தை வரிசை வரிசையாகக் குத்துவது எனக்கு ஆகவே ஆகாது. அலுப்பாக வந்தால் ஒரு கிளியைப் போடுவேன். கிளி உட்கார ஒரு கிளை. கோவில் ஊழியம் பார்க்கும் உபதேசியாரைக் கல்யாணம் செய்து ஆற்றங்கரை ஊருக்கு வந்த பிறகும், கித்தானைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதெல்லாம் புதிதாக ஒன்று முளைத்தது. நெற்கதிர், பனங்குருத்து, கெண்டை மீன். கறுப்பு மட்டும் நகரவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், கித்தான் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

எங்களோடு இருந்த நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர் இதை விடுவாரா? படித்துறையில் பெண்கள் எல்லாரும் கேட்கும்படி ஒருநாள் சொன்னார்.

"ஏட்டி, ஒன் மெத்தை முடியதுக்குள்ள கர்த்தரே வந்துருவாரு."

துணி துவைத்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாகப் பற்றியது.

மன்னர் முடிசூட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் கோவிலில் முழங்காலிடப் போட்டிருந்த பாய் இற்றுப்போனது. மெத்தையை நான் தருகிறேன் என்று வீட்டுக்காரர் மூலம் குருவானவருக்குச் சொல்லியனுப்பினேன். உயிர்த்த பண்டிகைக்குள் வராவிட்டால் கயிற்றுப் பாய் வாங்கிவிடுவதாகப் பதில் வந்தது. நாத்தனார் கயிற்றுப் பாயே வாங்கட்டும் என்றார்.

பண்டிகைக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களில் எங்கள் சபையில் சிலர் கறி மீனை விடுவார்கள், சிலர் வெற்றிலையை விடுவார்கள். நான் கிளி போடுவதை விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் கறுப்பு, பிள்ளை தூங்கும் நேரத்தில் கறுப்பு. விரலில் காய்ப்பு விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கறுப்பு ஏற ஏற ரோஜாக்கள் எழும்பி நின்றன. குருத்தோலை ஞாயிற்றுக்குக் கடைசித் துளையும் நிரம்பியது. இத்தனை வருஷமாக இந்தக் கறுப்புக்கா பயந்தேன் என்று இருந்தது.

அத்தோடு நிறுத்தினேனா? கையில் ஒரு வாரம் மீதியிருந்தது. பூ நடுவில் கண்ணாடி மணி வைத்தால் மின்னுமே என்று தோன்றிற்று. ரோஜாவுக்கு வைத்தேன், கிளிக் கண்ணுக்கு வைத்தேன், ஓரம் முழுக்க வைத்தேன். பஞ்சடைத்து, பெரிய வெள்ளி கழிந்த மறுநாள் காலையில் தரையில் போட்டு, வீட்டுக்காரரை முழங்காலிடச் சொன்னேன். அவர் ஒரு பரமண்டல ஜெபம் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். எழுந்து வேட்டியை ஒதுக்கினார். இரண்டு முழங்காலிலும் என் ரோஜா, இதழ் இதழாகப் பதிந்திருந்தது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா முட்டுக்குக் கண்ணு கிடையாது, பாத்துக்கோ."

கோபத்தில் அவருக்குக் கஞ்சியை ஆறவிட்டுக் கொடுத்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக வெட்டினேன். முதல் மணிக்குத்தான் நெஞ்சு வலித்தது. வெட்டி முடித்தபோது மூலையில் ஒரு சிட்டுக்குருவிக்கு இடம் இருப்பது தெரிந்தது. கை ஊசிக்குப் போனது. எழுந்து, மிச்சமிருந்த நூலையெல்லாம் தெருப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சடையில் கட்டிக்கொள்ளக் கொடுத்துவிட்டேன். இனி நினைத்தாலும் குருவி வராது.

மறுநாள் பண்டிகை ஆராதனையில், நற்கருணை வாங்கும் கிராதியின் முன்னால் என் மெத்தை கிடந்தது. நாத்தனாரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். அப்பமும் ரசமும் வாங்கி வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. அவர் எழவில்லை. அடுத்த வரிசைக்காரர்கள் காத்து நிற்க, கறுப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பைய எழுந்தார்.

வெளியே பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மெத்தை பாளையங்கோட்டையில் வாங்கியதா என்று ஒருத்தி கேட்டாள். நாத்தனார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வாங்குனதா? எங்க வீட்டுப் பொண்ணு தச்சதுட்டி."