குதிகால் இல்லாத படம்

எனக்குச் சிரிப்பு வந்தால் இடம், ஆள் பார்க்காது. தேனியில் எலும்பு டாக்டரிடம் போன அன்றும் அதுதான் நடந்தது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் இருக்கும். கூடலூர் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கொடியைக் கவாத்து வெட்டுவதிலிருந்து கொத்து அறுப்பது வரை எல்லாமே தலைக்கு மேல் வேலை. கத்தரியோடு பந்தலுக்கு அடியில் நுழைந்துவிட்டால் எனக்குப் பசிகூடத் தெரியாது. அந்த வருடம் பார்த்துக் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் உயிர் போய் உயிர் வரும்.

"இனி நீ பந்தல் பக்கம் வர வேணாம்த்தா. வார ஆளுகளுக்குச் சோறாக்கிப் போடு, போதும்" என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர்.

வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அறுப்புக்கு முன்னால் காலைச் சரிசெய்தே தீருவது என்று அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டரிடம் அப்போதுதான் பாதத்தை ஸ்கேன் செய்யும் மெஷின் வந்திருந்தது. தரையில் ஒரு தட்டைப் பலகை, பக்கத்தில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஏறி நின்றால், பாதத்தில் பாரம் கூடிய இடம் திரையில் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் தெரியும். எனக்கு முன்னால் ஏறியவரின் பாதப் படத்திடம் எங்கள் தெருப் பொங்கல் கோலம் தோற்றது. எனக்கு ஒரே குஷி.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "விறைப்பா நிக்காதீங்கக்கா. தினமும் எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க" என்றாள்.

தினமும் எப்படி நிற்பேன்? ஏறினேன். கழுத்து நிமிர்ந்தது. கைகள் மேலே போயின. கூரையில் தொங்கிய மின்விசிறியைக் கொத்தாக நினைத்துக்கொண்டு எக்கி நின்றேன்.

படம் உள்ளறையில் இருந்த டாக்டரின் திரைக்குப் போனது. எங்களைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. திரையில் விரல்களும் முன்பாதமும் ரத்தச் சிவப்பாக இருந்தன. குதிகாலையே காணோம்.

"குதிகால் தரையில படவே இல்லையேம்மா. பின்னங்கால் நரம்பு சுருங்கியிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்."

பந்தல் போயிற்று, இனி சோற்றுப்பானைதான் என்று எனக்கு அழுகை முட்டியது. டாக்டருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "இன்னொரு தடவை நில்லுங்க, நானே பாக்குறேன்" என்று எழுந்து வந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி ஏறிக் கையைத் தூக்கினேன். டாக்டர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"அங்க என்னம்மா இருக்கு?"

"பழம் சார்."

"கொத்து அறுக்குறா சார்" என்று வீட்டுக்காரர் விளக்கினார்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். நான் ஆரம்பித்தால் நிற்குமா? பலகையை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெளியே கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

குதிகாலை ஊன்றி எடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஆபரேஷன் எதுவும் வேணாம். நாள் பூரா எக்கி நின்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர். "பந்தல் என்ன அவ்வளவு உசரமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஆறடி ஆள். நான் அவர் தோளுக்கு வருவேன். கல்தூண் நட்டுத் தன் கைக்கு எட்டும் உயரத்தில் கம்பி இழுத்த மகராசன் அவர்தான்.

"அளவு பாத்தது இவுகதான் சார்."

இப்போது வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த ஸ்கேனை வைத்தே பாதத்துக்குப் பஞ்சு மெத்தை வெட்டி, தடித்த அடிப்பாகம் வைத்துச் செருப்பு செய்து கொடுத்தார்கள். ஆடுசதையை இழுத்துவிடும் பயிற்சியும் சொன்னார்கள். வலி மெல்ல மெல்ல இறங்கியது. அறுப்பு அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் போய்க் கையை நீட்டினேன். கொத்து கைக்கு வந்தது. குதிகால் தரையிலேயே இருந்தது. குதிக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு.

"அப்ப ஆளுகளுக்குச் சோறு?" என்று கேட்டபடி வந்து நின்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ஆக்குங்க. அடுப்பு என் உசரத்துக்குப் போட்டது, கொஞ்சம் குனியணும். இடுப்பு வலிச்சாச் சொல்லுங்க, தேனிக்குப் போவோம்."