மரத்தில் கட்டிய மார்சியாஸ்

பாப்பியாஸ் எங்கள் அபமேயா நகரத்துக்குச் சொந்தமான அடிமை. காசுப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அச்சு வெட்டியவன். ஊரில் அத்தனை பேர் மடியிலும் அவன் வெட்டிய சாமிகள் கிடந்தார்கள். அவன் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். செலவை ஏற்கிற பெரிய மனிதர் பெயரைத்தான் காசில் போடுவார்கள். கண் பூத்துப்போக வெட்டியவனை எவன் நினைக்கிறான்!

அந்த வருஷம் செலவை ஏற்றவர் அர்தெமாஸ். வழக்கு விசாரிக்க ரோமானிய ஆளுநர் வருகிறார், புதுக்காசு வேண்டுமென்று பட்டறைக்கே வந்து நின்றார்.

“அப்பல்லோ யாழோட நிக்கணும். பக்கத்துல மார்சியாஸை மரத்துல கட்டித் தொங்க விடு. தோலுரிக்க ஒருத்தன் கீழ கத்தி தீட்டணும். ஆளுநருக்கு அப்பல்லோ சாமின்னா உசுரு, தெரியுமில்ல?”

மார்சியாஸ் எங்கள் ஆற்றுச் சாமி. அப்பல்லோவோடு இசைப் போட்டியில் தோற்றுத் தோலை இழந்தவன்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கொள்ளைக் கூட்டம் ஊருக்குள் புக வந்தபோது வெள்ளமாய்ப் பொங்கி விரட்டியவனும் அவன்தானே! பிறக்கிற குழந்தையைப் பத்தாம் நாள் அவன் ஊற்றில்தான் முழுக்காட்டுகிறோம். எங்கள் காசில் அவன் எப்போதும் குகையில் உட்கார்ந்து குழல் ஊதுவான்.

“ஐயா, குழல் ஊதுற மாதிரியே வச்சுக்கிட்டா...”

“டேய், உன்கிட்ட யோசனை கேட்டேனா? சலவைக்கல் மலைக்கு ஆள் பத்தலையாம். போறியா?”

அந்த மலைக்குக் கல் வெட்டப் போன அடிமை ஒருவனும் திரும்பியதில்லை. பாப்பியாஸ் தலையாட்டினான்.

வீட்டில் மனைவி அம்மியாவுக்கு நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் பருப்புச் சட்டியை ணங்கென்று இறக்கினாள்.

“வெட்டுங்க, நல்லா வெட்டுங்க! அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் புள்ளைய ஊத்துக்குத் தூக்கிட்டுப் போவீங்க?”

“வெட்டலைன்னா என்னை மலைக்கு அனுப்பிருவான்டி.”

அவள் அழுதுவிட்டாள். அவனுக்கும் அழுகைதான் வந்தது.

பாப்பியாஸ் வெட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அவன் வெட்டியதிலேயே அதுதான் அழகு. கட்டுண்டவனின் விலா எலும்பை எண்ணிவிடலாம். பிறகு அச்சை உரமேற்ற நெருப்பில் வைத்தான். மாதுளம்பூ நிறம் வந்ததும் எடுத்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அவன் எடுக்கவில்லை. வெளுத்துப்போகும் வரை விட்டான். அப்படிக் காய்ந்த அச்சு பார்வைக்கு ஒரு குறையும் காட்டாது, ஆனால் அடிக்க அடிக்க உள்ளுக்குள் விரியும். உடைந்தால் வேறு வெட்ட நாள் இல்லை. பெட்டியில் கிடக்கும் பழைய குழலூதி அச்சைத்தான் எடுக்க வேண்டும். இதுதான் அவன் போட்ட திட்டம். தெரிந்தால் மலை நிச்சயம்.

காசு அடிக்கிற அன்று அர்தெமாஸ் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். சுத்தியல்காரன் மிதோன், ஊற்றங்கரை ஆள். முதல் அடியிலேயே அச்சு கணீரென்று பேசாமல் மொத்தென்றது. மிதோன் நிமிர்ந்து பாப்பியாஸைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. அடுத்ததை இன்னும் ஓங்கி அடித்தான்.

பத்து காசு. இருபது காசு. பாழாய்ப்போன அச்சு உடையவே இல்லை! இருபத்தெட்டாவது காசை அர்தெமாஸ் எடுத்துப் பார்த்தார்.

“என்னடா இது, அப்பல்லோ கழுத்துல கோடு? இதையா ஆளுநர் கையில கொடுப்பேன்?”

அடுத்த அடியில் அச்சு இரண்டாய்ப் பிளந்தது.

“எல்லாத்தையும் உருக்குங்கடா! யார் வேலை இது? அச்சா, சுத்தியலா?”

மிதோன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“என் கைதாங்கய்யா சாஞ்சிருச்சு.”

நாற்பது கசையடி. முற்றத்தில் அடி விழுந்துகொண்டிருக்கும்போது பாப்பியாஸ் பெட்டியைத் திறந்து பழைய அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் அடி நின்றிருக்கும். அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவேயில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மார்சியாஸ் குழலோடு ஆயிரம் காசில் உட்கார்ந்துவிட்டான்.

குழந்தை பிறந்தது, பெண். பத்தாம் நாள் ஊற்றுக்கு மிதோனும் வந்திருந்தான். நடந்ததை அறிந்திருந்த அம்மியா குழந்தையை நேரே அவனிடம் நீட்டினாள்.

“தம்பி, உன் கையாலதான் முழுக்காட்டணும்.”

மிதோன் கையைத் தூக்கப் பார்த்தான். முதுகுக் காயம் இழுத்தது; பாதியிலேயே இறக்கிவிட்டான். பாப்பியாஸ் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

“மிதோன், நான் அன்னைக்கு...”

“எங்கிட்ட எதுக்குண்ணே? அடி ஆறிரும், மலைக்குப் போனவன் வரமாட்டான். அதான் என் கைன்னு சொன்னேன்.” அம்மியா கையிலிருந்த குழந்தையைப் பாப்பியாஸுக்குக் கண்ணால் காட்டினான். “நீங்களே இறங்குங்க. சொல்ல வேண்டியதைத் தண்ணிகிட்ட சொல்லுங்க.”

பாப்பியாஸ் குழந்தையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். முழுக்காட்டியதும் குழந்தையைக் கரையில் அம்மியாவிடம் நீட்டிவிட்டுத் தண்ணீரிலேயே நின்றான். கரையில் காத்திருந்தவர்கள் அலுத்து வீட்டுக்குப் போன பிறகும் அவன் சொல்லி முடித்து ஏறவில்லை.